அண்ணன் பேரில் சேர்ந்த மைல்கள்

டீக்குப் பணம் கொடுக்க அந்தப் பச்சைக் கார்டை எடுத்தீர்களே மேடம், அது டீக்கான கார்டு இல்லை. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது பெட்ரோல் பங்கில் நீட்ட வேண்டிய கார்டு. கேன்டீன்காரர் மிஷினை நீட்டியதும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தீர்கள், பெரும்பாலானோர் அப்படித்தான். பர்ஸில் அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார்டின் ஓரம் தெரிந்தது. டீ, சாப்பாடு, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. ஒரு டீயில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு டீயில் ஒன்றும் வராதுதான். ஆனால் தப்பான கார்டை நீட்டுகிறவர்கள் ஒரு டீயோடு நிறுத்துவதில்லை. ஆயுள் முழுக்க நீட்டிக்கொண்டே இருப்பார்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நேற்றும் முதலிலிருந்துதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் சாருக்கு நான் சொல்வது விளங்கவில்லை. நடுநடுவே நிறுத்தி, "பாயிண்டு பாயிண்டுங்கறியே, பணமா அது எவ்வளவுய்யா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது பணம் இல்லை, கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் வங்கி சேர்த்துக் கொடுக்கும் புள்ளி என்றேன். "அப்ப எதுக்குய்யா இவ்வளவும்?" என்றார். கடைசியில் அவராகவே "பண ஆசையால்" என்று எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மற்றபடி நீங்கள் எழுதுகிற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் போடமாட்டேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருட்டறையில் கண் பார்க்கிறவர் சுவரில் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்வார். வெளியே வருகிறவர்களுக்கு நான் ஃபிரேம் எடுத்துக் காட்டி, மூக்கில் உட்காருகிறதா, காதோரம் அழுத்துகிறதா என்று பார்த்து, பில் போட்டு மிஷினை நீட்டுவேன். பகல் முழுக்க என் கண்முன்னால் படித்தவர்கள், வேலையில் இருக்கிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லோரும் தப்பான கார்டைக் கொடுத்தார்கள். பயணத்துக்கு அள்ளிக் கொடுக்கும் கார்டைக் கண்ணாடிக்குத் தேய்த்தார்கள். கண்ணாடிக்குக் கொடுக்க வேண்டியதைப் பர்ஸிலேயே தூங்கவிட்டார்கள். பக்குவமாக எடுத்துச் சொன்னால் முகம் மாறும். ஒரு கல்லூரிப் பேராசிரியை, "நீங்க கண்ணாடி விக்கிறீங்களா, கார்டு விக்கிறீங்களா?" என்றார். எதிரில் ஒருவர் பள்ளத்தைப் பார்க்காமல் நடந்து போகிறார். நாம் கத்துகிறோம். அவர் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாதே" என்கிறார். என் வேலை அப்படிப்பட்ட வேலை.

ரொக்கமாகக் கொடுக்க வருகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்கும். அவர்கள் நோட்டை நான் வாங்கிக்கொண்டு, பில்லுக்கு அண்ணனுடைய கார்டைத் தேய்த்துவிடுவேன். கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் முதலாளி ஒருநாள் கண்டுபிடித்து, "இது கடையா, உன் பாயிண்டு தொழிற்சாலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மிஷின்காரன் பிடிக்கிற கமிஷன் தன் தலையில் விழுகிறதாம். அவ்வளவு சின்னத் தொகைக்காக ஒரு மனிதன் கத்துவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது.

அண்ணனுடைய கார்டு என்று சொன்னேன். அதைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். வாழ்நாளில் பாதியை என்ஜின் ரூமிலேயே கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்ததும், எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், நாங்கள் இருக்கும் வீட்டைக் கட்டியதும் அவர் சம்பாத்தியம். கரைக்கு வந்தபின் எங்களோடு மாடி அறையில் இருந்தார். அந்த என்ஜின் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. தனக்குக் கேட்காததால் பிறருக்கும் கேட்காது என்ற நினைப்பில் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். தெருவில் அவருக்கு "சைரன்" என்று பேர். மாடியில் இருந்து அவர் "குளிக்கப் போறேன்" என்றால் தெருமுனை மருந்துக் கடைக்காரர் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார். எதைச் சொன்னாலும் முதல் தடவை "என்ன?" என்று கேட்பார். இரண்டாம் தடவை கத்திச் சொன்னால் தலையாட்டுவார்.

வங்கிகள் என்னை மதிப்பதில்லை. கண்ணாடிக் கடைச் சம்பளத்துக்கு யாரும் நல்ல கார்டு தருவதில்லை. அண்ணனுக்குச் சேமிப்பும் ஓய்வூதியமும் இருந்தன. அவருக்கு வீடு தேடி வந்தார்கள். உலோகத்தில் செய்த கறுப்புக் கார்டு அவர் பேரில் வந்தது. எனக்கும் என் மனைவிக்கும் அதன் கிளைக் கார்டுகள். பிறகு நான் யோசித்து யோசித்து அவர் பேரிலேயே இன்னும் மூன்று வாங்கினேன். மளிகைக்கு ஒன்று, இணையத்தில் வாங்குவதற்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கார்டும் பெரிய விஷயம் இல்லை. சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மளிகைக் கார்டு சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து மடங்கு தரும் என்றால், அரிசி பருப்புக்கு மட்டுமா தேய்ப்பது? அதே கடையில் பரிசுக் கூப்பன் விற்கிறார்கள். அதை வாங்கி, வேறு செலவுகளைக் கூப்பனால் கட்டினால், செருப்பும் மருந்தும்கூட மளிகைக் கணக்கில் ஐந்து மடங்காகிவிடும். இப்படி நான்கு கார்டிலும் சேர்வதை ஒரு விமான நிறுவனத்தில் டிக்கெட் வாங்க உதவும் மைல்களாக மாற்றி, ஒரே கணக்கில் கொட்ட வேண்டும். அங்கே போனால்தான் பாயிண்டுக்கு உயிர் வரும். அதை விட்டுவிட்டு வங்கி அனுப்பும் கேட்லாகில் சாமான் வாங்கினால், மதிப்பில் கால் பங்குகூடத் தேறாது.

அண்ணன் அதைத்தான் செய்தார். ஒருநாள் என் மனைவியின் பிறந்தநாளுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கேட்லாகில் இருந்து ஒரு டோஸ்டர் வரவழைத்தார். நாற்பதாயிரம் பாயிண்ட். எங்கள் வீட்டில் ரொட்டி சாப்பிடும் பழக்கமே இல்லை. அவள் அன்றிலிருந்து தினமும் இரண்டு துண்டு ரொட்டி சுட்டு, "அத்தான் வாங்கிக் குடுத்தது" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லித் தின்பாள். இன்றும் அந்த டோஸ்டரைப் பார்த்தால் எனக்கு ஒரு விமானத்தின் ஜன்னலோர இருக்கைதான் தெரிகிறது. அதில் யாரோ ரொட்டி சுடுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் போனில் இருந்த வங்கி ஆப்பின் ரகசிய எண்ணை மாற்றி நானே வைத்துக்கொண்டேன். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்குத்தான் அதுல பைத்தியம். நீயே வச்சுக்க" என்றார்.

வங்கியில் இருந்து போன் வந்தால் அவருக்குக் கேட்காது. அதனால் ஆரம்பத்தில் இருந்தே நான்தான் அவராகப் பேசுவேன். அண்ணன் குரல் கனமானது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார். அது எனக்கு நன்றாக வந்தது. நான் பேசும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் செருமல் சரியாக வந்ததா என்று பார்த்துச் சிரிப்பார். வங்கி அந்தக் குரலைப் பதிவு செய்து அடையாளமாக வைத்துக்கொண்டது. ஒருமுறை கடைத்தெருவில் பர்ஸைத் தொலைத்துவிட்டு அவரே வங்கிக்கு போன் செய்தார். குரல் பொருந்தவில்லை என்று சொல்லி, யாரோ மோசடிக்காரர் என்று நான்கு கார்டையும் முடக்கிவிட்டார்கள். "என் கார்டுக்கு நானே திருடனா?" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அவராகப் பேசித்தான் அவரை மீட்டேன்.

எதற்காகச் சேர்த்தேன் என்று கேட்டீர்கள். அண்ணனுக்காகத்தான். அவர் உலகத்தின் பாதித் துறைமுகங்களுக்குப் போனவர். ஆனால் எல்லாவற்றையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து கண்டவர். ஒரு துறைமுக நகரத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். மலைச்சரிவு முழுக்க விளக்கு எரியுமாம். ஒவ்வொரு முறையும் அங்கே என்ஜின் பழுது. இறங்கிப் பார்க்கவே முடியாமல் போனதாம். விமானத்தின் முன்வரிசையில் கட்டிலைப் போல விரியும் இருக்கையில் அவரைப் படுக்க வைத்து, பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்து, அந்த ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். இதுதான் திட்டம். பதினோரு வருடத் திட்டம்.

போயிருக்கலாமே என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். "பக்கத்து ஊருக்குக்கூட ஒரு டிக்கெட் போட்டதில்ல. முட்டையிடாத கோழிய எதுக்கு இவ்வளவு தீனி போட்டு வளக்குறீங்க?" என்றாள். அண்ணனும் வருடத்துக்கு ஒருமுறை, "இந்த வருஷம் போலாமாடா?" என்று கேட்பார். கணக்குத் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. அந்த இருக்கைக்கு அந்த வருடம் கேட்ட மைல் மிக அதிகமாக இருக்கும். அடுத்த வருடம் குறையும் என்ற தகவல் இருக்கும். அல்லது வங்கி முப்பது சதவீதம் கூடுதலாகக் கொடுத்து மாற்றும் சலுகை வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். அவசரப்பட்டுப் போவதற்கு நாம் என்ன பிழைப்புக்கா போகிறோம்? "அடுத்த வருஷம் அண்ணே" என்று கத்திச் சொல்வேன். தலையாட்டுவார்.

இந்த வருடம் அவர் கேட்கவில்லை.

என் மனைவியின் அக்கா மகளுக்குப் பிரசவ நேரம். உதவிக்கு இவள் கிளம்பிப் போனாள். போவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது அண்ணன், அந்தப் பெண்ணுக்குத் தொட்டிலும், துணி துவைக்கும் மிஷினும், இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாமும் கேட்லாகில் இருந்து அனுப்பிவிடலாம் என்றார். எவ்வளவு பாயிண்ட் இருக்கிறதோ எல்லாவற்றையும் போட்டுவிடச் சொன்னார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அது உங்க டிக்கெட்டுக்கு வச்சிருக்கறது" என்றேன்.

"என்ன?"

மறுபடியும் கத்திச் சொன்னேன்.

"எனக்கு முட்டி வலிடா. இனிமே எங்க போயி என்னத்தப் பாக்க. அந்தப் பொண்ணுக்குக் குடு. புள்ளையாவது தொட்டில்ல ஊர் சுத்தட்டும்."

நான்கு நாளில் குழந்தை பிறக்கும் என்றார்கள். அதற்குள் கேட்லாகில் ஆர்டர் போட்டுவிட வேண்டும் என்றார். நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினோரு வருடம் ஒவ்வொரு சோப்புக்கும் ஒவ்வொரு செருப்புக்கும் எந்தக் கார்டு என்று நின்று யோசித்தவன் நான். மழையில் சூப்பர் மார்க்கெட் வாசலில் கூப்பன் வாங்கக் காத்திருந்தவன் நான். அது ஒரு தொட்டிலாகவும் சலவை மிஷினாகவும் போய்விடும். அதை நான் கோபத்தோடு நினைக்கவில்லை. அவருக்கு மதிப்பு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் பார்த்துச் சலுகை வந்திருந்தது. முப்பது சதவீதம் கூடுதல். வியாழக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் எல்லாவற்றையும் மைலாக மாற்றிவிட்டால் கேட்லாகுக்கு மிச்சம் இருக்காது. அண்ணனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலை கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவருடைய போனை எடுத்து உட்கார்ந்தேன். தொகை பெரியது என்பதால் ஆப் நிறுத்திவிட்டது. வழக்கம்போலக் குரல் கேட்கும் என்று செருமிக்கொண்டு இருந்தேன். இந்தத் தடவை முகம் கேட்டது. கார்டுக்குச் சொந்தக்காரர் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், சிரிக்க வேண்டும். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

மாடிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்திருந்தது.

"தம்பி, நெஞ்சு என்னமோ மாதிரி பண்ணுது. வண்டியக் கூப்புடு" என்றார்.

மெதுவாகச் சொன்னார். அவர் சாதாரணக் குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது, கேட்பதற்கு.

"கூப்புடறேன் அண்ணே. இத ஒரு நிமிஷம் பாத்துடுங்க" என்று போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "என்ன?" என்றார். மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார்.

முகம் வட்டத்துக்குள் இல்லை என்றது ஆப். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்த்தினேன். வெளிச்சம் போதவில்லை என்றது. ஜன்னல் திரையை விலக்கினேன். முகத்தில் பளபளப்பு அதிகம் என்றது. வேர்வையைத் துண்டால் துடைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினார். கப்பலில் உத்தரவுக்குப் பழகிய மனிதர், சொன்னதைச் செய்வார். கடைசியில் சிரிக்கச் சொன்னது. அதில்தான் இரண்டு தடவை தவறிப் போய், மறுபடியும் முதலில் இருந்து வந்தது. மூன்றாவது தடவை நான் போனுக்குப் பின்னால் நின்று, வங்கிக்காரனிடம் அவராகப் பேசும்போது செய்வேனே, அந்த மாதிரி தொண்டையைச் செருமிக் காட்டினேன். அவருக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். பச்சை விளக்கு வந்தது.

"ஆச்சாடா?" என்றார்.

"ஆச்சு அண்ணே."

நேற்று நான் உங்களிடம், இதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுப்பதற்குள் அவர் போய்விட்டார் என்று சொன்னேன். அதில் ஓர் இடம் இடிக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் என் மனைவி விஷயம். மைல்கள் உடனே போய்ச் சேராது. வேலை நாள் கணக்கில் கொஞ்சம் பிடிக்கும். கார்டுக்காரர் இறந்துவிட்டதாக இடையில் தெரிந்தால் வங்கி மாற்றத்தை நிறுத்திவிடும், பாயிண்ட் அத்தனையும் ரத்தாகிவிடும். நிபந்தனைகளில் எழுதியே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. அதனால் மாடி அறையில் ஏசியைக் குளிரக் குளிர வைத்து, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். என்னைப் பற்றி அந்த எழுத்துக்காரர் சார் என்ன நினைக்கிறாரோ தெரியாது. அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாள் என் மனைவி போன் செய்தாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். அத்தானிடம் அவளே சொல்ல வேண்டுமாம். தூங்குகிறார் என்றேன். எழுப்பச் சொன்னாள். அப்புறம் சொல்லலாம் என்றேன். "நல்ல சேதி சொல்ல நேரங்காலம் பாப்பாங்களா? குடுங்க அவருகிட்ட" என்றாள். கொஞ்ச நேரம் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். பிறகு தொண்டையைச் செருமினேன்.

"என்னம்மா? பொண்ணா? ரொம்ப சந்தோசம்மா."

தொட்டில் பற்றிக் கேட்டாள். அனுப்பிவிடலாம் என்றேன். நன்றாகவே பேசினேன். பதினோரு வருடப் பழக்கம். அவள் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

ஆனால் அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். பிரசவ அறைக்கு வெளியே, குழந்தை தூங்குகிறது என்று, வாயில் கையை வைத்துக் குசுகுசுவென்று பேசியிருக்கிறாள். அத்தான் ஒரு தடவைகூட "என்ன?" என்று கேட்கவில்லை. எல்லாமே முதல் தடவையிலேயே கேட்டிருக்கிறது. போனை வைத்தபின் அது அவளுக்கு உறைத்திருக்கிறது.

மாடியேறிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்று, அவரைக் கூப்பிடும் குரலில் கத்தினாள். ஒருமுறைதான். ஏசி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப்போய், மருந்துக் கடையில் இருந்து உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தாள். அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது மைல்கள் வந்து சேர்ந்திருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நானே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். கௌரவமாக எல்லாம் முடிந்திருக்கும்.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது அவள் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. "அவருக்குத்தான் காது கேக்காது. உங்களுக்கு என்ன?" என்றாள். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொருத்தமான கேள்வியாகத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் சொன்ன இடத்துக்கு வருகிறேன். பச்சை விளக்கு வந்தது காலையில். ஆப்பில் நேரம் பதிவாகியிருக்கிறது. அண்ணன் உயிர் போனது பிற்பகலில் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றும் எழுதியிருக்கிறாராம். இடையில் இருக்கும் நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள்.

யோசித்தேன், மேடம். எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர் பிழைக்கலாம். பிழைத்து வந்தால், மாற்றத்தை ரத்து செய்து தொட்டில் வாங்கச் சொல்லலாம். அவர் பேரில் இருக்கிறது, அவர் சொன்னால் செய்யத்தான் வேண்டும். பிழைக்காமல் போகலாம். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் அந்த நிமிடமே எழுதிவிடுவார்கள். வங்கி, ஓய்வூதிய அலுவலகம், எல்லா இடத்துக்கும் தெரிந்துவிடும். மைல் வழியிலேயே நின்றுவிடும். இரண்டிலும் எல்லாம் போய்விடுகிறது. வீட்டிலேயே இருந்தால் மட்டும், எப்போது என்று சொல்வது நம் கையில் இருக்கும். மூன்றாவது வழி ஒன்று இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.

அதனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டதாக அவரிடம் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். தனியாக விடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்று கேட்டார்.

"தெருமுனைல நிக்கிறான் அண்ணே."

"என்ன?"

கத்திச் சொன்னேன்.

"டிராபிக்கா இருக்கும். பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்றார்.

அதன்பின் பேசவில்லை. ஆம், மேடம். வண்டியைக் கூப்பிடாமல் இருந்ததும், கூப்பிட்டதாகச் சொன்னதும், போன பிறகு மறைத்ததும் நான்தான். தெரிந்தே செய்தேன். இதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். "பண ஆசையால்" மட்டும் வேண்டாம்.

பதிலுக்கு உங்களிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். இறப்புச் சான்றிதழ் வங்கிக்குப் போகட்டும், ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகட்டும். விமான நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அவர்களுக்குத் தெரியாதவரை அந்தக் கணக்கு அண்ணன் பேரில் அப்படியே இருக்கும். ஆனால் சும்மா கிடந்தால் காலாவதியாகிவிடும். அவ்வப்போது அதில் ஏதாவது ஒரு சின்ன வரவு வர வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அந்தக் கணக்கோடு இணைத்த, என் பேரில் உள்ள சாதாரண டெபிட் கார்டு ஒன்று என் பர்ஸில் இருக்கிறது. என்னிடம் எடுத்த சாமான்களோடு நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அடுத்த டீக்கு அதைத் தேயுங்கள். ஒரு டீ போதும். டிக்கெட் போடவா என்று கேட்காதீர்கள். இப்போது போட்டால் நஷ்டம், அடுத்த வருடம் மைல் விலை குறையும் என்கிறார்கள். அதுவரை அவர்களுடைய பதிவில் ஜன்னலோர இருக்கை விரும்பும் பயணி என்று அவர் பேர் இருக்கும். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவார்கள். என் மனைவி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மேடம். அண்ணனை உயிரோடு வைத்திருக்க என்னால் ஆனது எல்லாவற்றையும் நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.